மேல்பிரிவுக்கு நான் ஓடின ஓட்டம்

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்துச்சு. எட்டு கிலோமீட்டர் ஓடணும். நாலு ஏத்தம், நாலு எறக்கம். அவ்வளவுதான்.

ஏன் ஓடணும்னு கேக்குறவங்களுக்குச் சொல்லிடுறேன். எனக்கு நாப்பத்திமூனு வயசு. பதுளை டவுன்ல ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. காலையில ஒக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பேன். டொக்டர் "கொஞ்சம் நடங்க"ன்னு சொன்னாரு.

நடந்திருக்கலாம். ஆனா எனக்கு எதையும் அளவோட செஞ்சு பழக்கமில்ல. அடுத்த மாசம் பண்டாரவளைப் பக்கம் நடக்கப்போற ஒரு ராத்திரி மலை ஓட்டத்துக்குப் பேரு குடுத்துட்டேன். தேயிலை மலை வழியா, நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு, பதினஞ்சு கிலோமீட்டர்.

பேரு குடுத்ததோட சும்மா இருந்திருக்கலாம். கடையில, பஸ்ஸுல, சலூன்ல, எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன். அதனால இப்ப ஓடித்தான் ஆகணும்.

அன்னைக்கு நாங்க மாமனார் வீட்டுல இருந்தோம். மடுல்சீமைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து கீழ்ப்பிரிவுல, வேலையாளுங்க வரிசையா குடியிருக்கற லயம். ஞாயித்துக்கிழமை என் கொழுந்தியா தர்ஷினிக்குக் கல்யாணம். லயத்து வாசல்ல பந்தல் போட்டாச்சு, ஸ்பீக்கர் கட்டியாச்சு. ஒரே ஒரு கொறதான்.

தர்ஷினியோட பெரியப்பா, அதாவது என் மாமாவோட கூடப்பொறந்த அண்ணன், நாலு கிலோமீட்டர் மேல, மேல்பிரிவுல இருக்காரு. நான் அவர பெரிய மாமான்னு கூப்பிடுவேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினோரு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. மாமா போய்க் கூப்பிட மாட்டாரு. கூப்பிடாம அவரு வரமாட்டாரு. பெரியப்பா வந்து நிக்கணும்ங்கறது ஒன்னுதான் தர்ஷினிக்கு ஆசை. அத வாயத் தொறந்து கேக்கல. ரெண்டு நாளா அடுப்படியில நின்னு யாருக்கும் தெரியாம அழுதுகிட்டு இருந்தா.

சரி, என் ஓட்டத்துக்கு வர்றேன்.

பகல்ல ஓடவே முடியாது. மழை கண்ணுல பட்டு மாசக் கணக்காச்சு. மானாப்புல்லெல்லாம் காஞ்சு கருகிக் கெடக்கு. பொழுது எறங்கின பெறகும் ரோட்டுல இருந்து சூடு ஏறுது. அதனால ஆறே முக்காலுக்குக் கெளம்பினேன். தலையில தண்ணியில நனைச்ச வெள்ளைத் துண்டு, அது பறக்காம இருக்க அது மேல நெத்தி லைட்டு. போன் எதுக்கு வீண் பாரம்னு என் சம்சாரம் ரேணுகாகிட்ட குடுத்துட்டேன்.

மாமா பந்தலுக்குக் கீழ ஒக்காந்திருந்தாரு.

"எங்க மாப்ள கெளம்பிட்டீங்க?"

"சும்மா ஓடிட்டு வர்றேன் மாமா."

"யாரு வெரட்டுறா?"

"யாரும் வெரட்டல மாமா. ஒடம்புக்கு."

மாமா என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. முப்பத்தஞ்சு வருஷம் மலை ஏறி எறங்கின மனுசன். மேல ஒரு வேலையும் இல்லாம ஒருத்தன் மலை ஏறுறத அவரால ஏத்துக்க முடியல. "சாப்பாட்டுக்கு வந்துருங்க"ன்னு மட்டும் சொன்னாரு.

எங்க ஓட்டக்கார வாட்ஸ்அப் குரூப்புல ஒரு விதி இருக்கு. பேசிக்கிட்டே ஓட முடியற வேகம்தான் சரியான வேகமாம். எனக்கு முதல் வளைவுலயே பேச்சு நின்னுருச்சு.

அடுத்து நாய். லயத்து நாய்ங்களுக்கு ராத்திரியில தண்ணி தூக்குற ஆளு தெரியும், குடிச்சிட்டு வர்ற ஆளு தெரியும். நெத்தியில லைட்டோட ஓடுற ஆளு தெரியாது. அதுங்க புண்ணியத்துல ஒரு அரை கிலோமீட்டர் என் வாழ்க்கையிலயே வேகமா ஓடினேன். கையில கட்டியிருந்த வாட்ச் என்னைப் பாராட்டுச்சு.

ரெண்டாவது கிலோமீட்டர்ல பீலி வரும். மலைத்தண்ணிய ஒரு கொழாய்ல வடிய விட்டிருக்கற எடம். காஞ்ச காலத்துல தண்ணி நூலாத்தான் எறங்கும். அதனால ராத்திரியிலயும் பொம்பளைங்க கேன வச்சுக்கிட்டு வரிசையில நிப்பாங்க. அன்னைக்கும் ஏழெட்டுப் பேரு இருந்தாங்க. முன்னால நின்ன செல்வியக்கா என்னை அடையாளம் கண்டுபிடிச்சிட்டாங்க.

"நில்லுங்க தம்பி, நீங்க முத்தையா அண்ணன் வீட்டு மாப்ளதானே?"

தலைய ஆட்டினேன். பேச மூச்சு இல்ல.

"இந்நேரத்துல எங்க ஓடுறீங்க?"

மேல கையக் காட்டினேன்.

"மேல்பிரிவுக்கா? அவரு அண்ணன் இருக்கற எடத்துக்கா?"

மறுபடியும் தலைய ஆட்டினேன். எடம் அதுதானே.

அக்கா குரல் மாறிப்போச்சு. "முத்தையா அண்ணனுக்கு என்ன தம்பி?"

"ஒன்… னும்… இல்லக்கா."

இந்த எடத்துல நம்ம ஆளுங்க வழக்கம் ஒன்னச் சொல்லணும். நம்ம பக்கம் சாவுச் செய்திய யாரும் சாவுன்னு சொல்றதில்ல. "ஒன்னும் இல்ல, கொஞ்சம் சீரியஸ், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க"ன்னுதான் சொல்லுவோம். சொல்றவங்களுக்கும் தெரியும், கேக்குறவங்களுக்கும் தெரியும். "கொஞ்சம் சீரியஸ்"னா ஆள் போயாச்சு. "ஒன்னும் இல்ல"ன்னா சவப்பெட்டிக்கே சொல்லியாச்சு.

பொறந்ததுல இருந்து இத கேட்டு வளந்தவன் நான். அப்பேர்ப்பட்ட நான், கல்யாண வீட்டுல இருந்து, தலையில துண்டப் போட்டுக்கிட்டு, பேச்சே இல்லாத அண்ணன் இருக்கற எடத்தப் பாத்து, ராத்திரியில தனியா ஓடிக்கிட்டு, "ஒன்னும் இல்ல"ன்னு சொன்னேன். சொல்லிட்டு அந்தத் துண்டாலயே கண்ணத் தொடச்சேன். வேர்வை எறங்கி எரிஞ்சுச்சு. வேற காரணம் இல்ல.

செல்வியக்கா கேனக் கீழ வச்சாங்க.

"நீங்க போங்க தம்பி. நிக்காதீங்க. நாங்க எல்லாரும் இருக்கோம்."

மத்தவங்க வழிய விட்டு ஒதுங்கி நின்னாங்க. ஒருத்தங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க.

உண்மையச் சொல்றேன், எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. வெளிநாட்டுல எல்லாம் ரோட்டோரமா நின்னு ஓடுறவங்கள உற்சாகப்படுத்துவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். பரவாயில்ல, நம்ம தோட்டத்துக்கும் அந்த நாகரிகம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு மேல ஓடினேன்.

நான் ரெண்டு கால்ல ஓடினேன். செய்தி போன்ல ஓடுச்சு. ரெண்டுல எது முந்தும்னு உங்களுக்கே தெரியும்.

நடு லயத்துக்கு நான் போறப்ப டீவி சத்தமெல்லாம் நின்னிருந்துச்சு. எல்லாரும் வாசல்ல எந்திரிச்சு நிக்கிறாங்க. மடிச்சுக் கட்டியிருந்த சாரத்த ஒருத்தர் அவுத்து எறக்கி விட்டாரு. தோட்டத்து தொரை வந்தாக்கூட இப்படி மரியாதை குடுக்கறவங்க இல்ல. ஒரு பெரியவரு டம்ளர்ல தண்ணியோட ஓடி வந்து என் தோளப் புடிச்சாரு.

"கொஞ்சம் குடிச்சிட்டுப் போங்க. மனசத் தளர விடாதீங்க."

"நன்… றிங்க."

"உங்கள மாதிரி ஒரு மாப்ள யாருக்குக் கெடைக்கும்."

அத நானும் பல தடவ நெனச்சிருக்கேன். வேற ஒருத்தர் வாயால கேக்குறப்ப சந்தோஷமா இருந்துச்சு. அத்தன பேரு பாக்குறப்ப நடந்தா நல்லா இருக்காதுன்னு, தொடை நடுங்க நடுங்க ஓடினேன். பின்னால ஒரு பொம்பள விசும்புற சத்தம் கேட்டுச்சு. அந்த அளவுக்கா என் ஓட்டம் அவங்களத் தொட்டிருக்குன்னு யோசிச்சேன்.

மேல்பிரிவுல, காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்களத்துல, கொழுந்து லொறி லைட்டப் போட்டு நின்னுச்சு. அதுல பாதி லயம் ஏறியிருந்துச்சு. நடுவுல பெரிய மாமா. முந்தி கங்காணியா இருந்தவரு. அவரு ஒரு சத்தம் போட்டா மூனு மலைக்குக் கேக்கும். அவரு சேட்டுக்குத் தப்புத் தப்பா பட்டன் போட்டுக்கிட்டு, கண்ணெல்லாம் செவந்து நிக்கிறாரு. என்னைப் பாத்ததும் வந்து ரெண்டு கையயும் புடிச்சிக்கிட்டாரு.

"எவ்ளோ நேரம் ஆச்சு மாப்ள?"

வாட்சப் பாத்தேன். "நாப்பத்தாறு நிமிஷம் பெரிய மாமா."

அவரு அப்படியே தரையில ஒக்காந்துட்டாரு. லொறியில இருந்து ஒப்பாரி கெளம்புச்சு. "நிமிஷக் கணக்கு சொல்றாரு பாருங்க, பாவம், கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்திருக்காரு"ன்னு ஒருத்தங்க சொன்னாங்க.

அப்பத்தான் எனக்கு லேசா சந்தேகம் வந்துச்சு.

"பெரிய மாமா, யாரு செத்துட்டா?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. "போச்சு, மாப்ளைக்கு புத்தி கலங்கிருச்சு"ன்னு டிரைவர் மெதுவா சொன்னாரு.

"ஐயோ, யாரும் சாகலைங்க. மாமா நல்லா இருக்காரு. நான் சும்மா ஓடினேன். ஒடம்பு எளைக்க."

"அதிர்ச்சியில அப்படித்தான் பேசுவாங்க. எங்க சித்தப்பா போனப்ப எங்க அண்ணன் ரெண்டு நாளா பாட்டுப் பாடிக்கிட்டுத் திரிஞ்சான்"னாரு டிரைவர்.

"நம்பலேன்னா வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்க."

"எடுத்துப் பாத்தாச்சு தம்பி. ஒருத்தரும் தூக்கல. அழுதுகிட்டு இருக்கறவங்க போனையா பாப்பாங்க?"

அங்க கீழ அந்த நேரம் ஸ்பீக்கர் சரியா வேல செய்யுதான்னு பாட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. போன் அடிச்சது காதுலயே விழல. என் போன்ல மட்டும் பதினேழு மிஸ்ட் கோல்.

என்னை ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சு லொறியில ஏத்தினாங்க. மூனு தடவ உண்மையச் சொன்னேன். ஒவ்வொரு தடவயும் யாராவது என் முதுகத் தடவிக் குடுத்தாங்க. நாலாவது தடவ சொல்ல வாயத் தொறந்தப்ப, பக்கத்துல ஒக்காந்திருந்த பெரிய மாமா அழ ஆரம்பிச்சாரு.

"ஒரு கல்யாண கார்டுல என் பேரப் போடலைன்னு கோவிச்சுக்கிட்டேன் மாப்ள. மூத்தவன் பேரு இல்லாம கார்டு அடிச்சிட்டானேன்னு. ஒரு பேருக்காக பதினோரு வருஷம் தம்பிய விட்டுட்டேனே."

எனக்கு வேர்வையெல்லாம் நின்னு போச்சு.

அது எங்க கல்யாண கார்டு. எனக்கும் ரேணுகாவுக்கும் அடிச்சது. அத பதுளையில பிரஸ்ஸுல குடுத்து அடிச்சது நான்தான். மாமா தன் கையால ஒரு தாள்ல எல்லாப் பேரையும் எழுதிக் குடுத்தாரு. நான் முன்பக்கத்த மட்டும் பாத்து பிரஸ்ஸுல எழுதிக் குடுத்துட்டேன். தாளத் திருப்பிப் பாக்கல. பின்பக்கத்துலதான் பெரிய மாமா பேரு இருந்துச்சு. அதுக்குக் கீழ, "என் அண்ணன் பேரு எல்லாருக்கும் முதல்ல வரணும்"னு எழுதியிருந்தாரு. கார்டு வந்த அன்னைக்கே மாமாவுக்குத் தெரியும் அது யாரு தப்புன்னு. அவரு யார்கிட்டயும் சொல்லல. நானும் சொல்லல. இவங்களுக்குள்ள சண்ட வந்தப்ப, பெரியவங்க விஷயம் நமக்கெதுக்குன்னு ஒதுங்கி நின்ன யோக்கியன் நான்.

இப்பவாவது சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். லொறி ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுச்சு. வாய மூடிக்கிட்டேன். எனக்கு அந்தச் சாக்கு போதுமா இருந்துச்சு.

வழியில நடு லயத்து ஆளுங்க ஏறினாங்க. பீலியில செல்வியக்காவும் மத்தவங்களும் கேனோட ஏறினாங்க. கல்யாண வீட்டு வாசல்ல லொறி நிக்கிறப்ப அறுபது பேரு இருந்திருப்போம். எல்லாரும் அழுகை. ஸ்பீக்கர் பாட்டு சட்டுனு நின்னுச்சு.

மாமா பந்தலுக்குக் கீழ ஒக்காந்து ராத்திரி சமையலுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாரு. கண்ணுல தண்ணி கொட்டுது. நிமிந்து பாக்குறாரு. பதினோரு வருஷமா வாசப்படி மிதிக்காத அண்ணன் அழுதுகிட்டு லொறியில இருந்து எறங்குறாரு. பின்னால ஊரே ஒப்பாரி வைக்குது. அண்ணன் வீட்டுல யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டாரு.

"அண்ணே"ன்னு கத்திக்கிட்டு ஓடிப்போய்க் கட்டிப்புடிச்சாரு.

பெரிய மாமா கண்ண மூடிக்கிட்டு, யாரு எவருன்னு பாக்காம, அவரக் கட்டிப்புடிச்சு அழுதாரு. ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னாங்க. கூட வந்தவங்கள்ல கொஞ்சப் பேரு அழுகைய நிப்பாட்டிட்டாங்க. அவங்களுக்குக் கணக்கு எங்கயோ ஒதைக்குதுன்னு பட்டிருக்கு.

மாமாதான் முதல்ல கேட்டாரு. "அழாதண்ணே. சொல்லு. யாரு போனா?"

பெரிய மாமா கண்ணத் தொறந்து பாத்தாரு. "நீதான்டா."

அறுபது பேரும் மெதுவா என் பக்கம் திரும்பினாங்க. கையில இருந்த டோர்ச் லைட்டும் எல்லாம் சேந்து திரும்புச்சு. ரேணுகா மட்டும் திரும்பல. அவ தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டா.

நான் எல்லாத்தையும் சொன்னேன். ஓட்டம், துண்டு, வேர்வை, வாட்ச். இந்தத் தடவ நம்பினாங்க, ஏன்னா செத்தவரு பக்கத்துலயே நிக்கிறாரு. ஒருத்தரும் சிரிக்கல. பெரிய மாமா மூஞ்சி மட்டும் கல்லாட்டம் ஆயிருச்சு.

"லொறியத் திருப்புங்கப்பா"ன்னாரு. "சாவு வீடுன்னு வந்தேன். கல்யாண வீட்டுக்கு என்னை யாரும் கூப்பிடல."

மாமா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. தர்ஷினி மருதாணி வச்ச ரெண்டு கையயும் விரிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. அந்த மூஞ்சியப் பாத்த பெறகு என்னால சும்மா நிக்க முடியல.

"பெரிய மாமா, நில்லுங்க. உங்க பேர விட்டது மாமா இல்ல. நான்."

அவரு லொறியில வச்ச கால எடுக்கல. ஆனா ஏறவும் இல்ல. தாளு, பின்பக்கம், பிரஸ்ஸு, எல்லாத்தையும் ஒப்பிச்சேன். கேட்டு முடிச்சிட்டு அவரு என்னைப் பாக்கல. தம்பியப் பாத்தாரு.

"உனக்குத் தெரியுமாடா இது?"

"தெரியும்ணே."

"ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"புது மாப்ளய எப்படிண்ணே காட்டிக் குடுக்கறது. நம்ம புள்ள வாழப்போற எடம்."

எனக்கு அந்த எடத்துல பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. பதினோரு வருஷமா, வர்றப்பெல்லாம் கோழியடிச்சு சோறு போட்ட மனுசன். ஒரு நாள் மூஞ்சிய சுளிச்சதில்ல. நான் அழுதேன். இந்தத் தடவ வேர்வை இல்ல.

மாமா உள்ள போனாரு. தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, தர்ஷினி கல்யாண கார்ட வச்சு, ரெண்டு கையாலயும் கொண்டாந்தாரு.

"இத எடுத்துக்கிட்டு நாலு நாளா பாதி வழி வந்து வந்து திரும்பிட்டேன்ணே."

பெரிய மாமா கார்ட எடுத்தாரு. "மாப்ள, அந்த நெத்தி லைட்ட இங்கிட்டு காட்டுங்க"ன்னாரு. நான் குனிஞ்சு காட்டினேன். முதல் வரியில அவரு பேருதான். அத ரெண்டு தடவ படிச்சாரு.

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு"ன்னாரு. சொல்லிட்டு பந்தலுக்குக் கீழ போய் ஒக்காந்து, "எனக்கு ஒரு பிளேன்டி குடும்மா"ன்னு தர்ஷினிகிட்ட கேட்டாரு.

அதுக்குப் பெறகு அண்ணனும் தம்பியும் ஒத்துமையா சேந்து என்னைத் திட்டினாங்க. ஒருத்தர் மூச்சு வாங்குறப்ப இன்னொருத்தர் தொடருவாரு. லொறியில வந்த அறுபது பேரும் இருந்து சாப்பிட்டுத்தான் போனாங்க. செத்தவரே முன்னால நின்னு பரிமாறினாரு.

ஞாயித்துக்கிழமை பெரிய மாமா முதல் ஆளா நின்னு ஆசீர்வாதம் பண்ணினாரு. தர்ஷினி அழுதா, ஆனா எல்லாருக்கும் தெரியற மாதிரி, சந்தோஷமா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பெரிய மாமா என்னைக் கூட்டிக்கிட்டுப் போய், "என் தம்பி உசுரோட இருக்கறப்பவே எழவு சொல்ல வந்தது இவருதான்"னு அறிமுகப்படுத்தினாரு.

ரேணுகா இப்ப ஒரு சட்டம் போட்டிருக்கா. நான் ஓடுறதா இருந்தா பகல்லதான் ஓடணும். தலையில துண்டு இருக்கக் கூடாது. முக்கியமா, பாக்குறவங்க பயப்படாத மாதிரி சிரிச்சுக்கிட்டே ஓடணும்.

செவ்வாக்கிழமை மத்தியானம், உச்சி வெயில்ல, அதே ரோட்டுல, தன்னந்தனியா, பல்லு தெரிய சிரிச்சுக்கிட்டே ஓடினேன். நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள மூனு பேரு ரேணுகாவுக்கு போன் எடுத்து, மாப்ளைக்கு மந்திரிக்க நல்ல பூசாரி ஒருத்தர் இருக்காருன்னு சொல்லிட்டாங்க.